பிபிஎம் நானா எழும்ப மறுத்த நாள்

திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பலைக்கூட அசைத்துவிடலாம். அலகு இல்லாத எண்ணைச் சொல்லி பிபிஎம் நானாவை அசைக்க முடியாது.

கப்பல் தொட்டிகளைச் சுத்தம் செய்ய இறங்குபவரின் கயிற்றை மேலே இருந்து பிடிப்பது அவர் வேலை. உள்ளே நச்சுவாயு எவ்வளவு என்று அளந்து, இறங்க அனுமதி தருவது என் வேலை. காற்றின் பத்து லட்சம் பங்கில் வாயு எத்தனை பங்கு என்பதே பிபிஎம். நானா அதை வாயுவோடு நிறுத்தவில்லை. என் மதியச் சோற்றில் மீன் ஆணத்தைத் தொட்டு நக்கிவிட்டு, "உப்பு முப்பதாயிரம் பிபிஎம், தங்கச்சி. கடலாக இன்னும் ஐயாயிரந்தான் பாக்கி" என்பார். வீட்டிலிருந்து மனைவி, "வெங்காயம் ரெண்டு வாங்கிட்டு வாங்க" என்றால், "ரெண்டு என்ன? கிலோவா, கிராமா?" என்று போனில் சண்டை பிடிப்பார்.

அன்று கழிவுநீர்த் தொட்டி. எங்கள் அளவுமானி பழுது. கப்பல்காரர் தங்களுடையதைத் தந்தார்கள். வாயு பத்து பிபிஎம்மைத் தாண்டினால் யாரும் இறங்கக்கூடாது. திரையில் 0.02.

"நல்லா இருக்கு. இறங்குங்கோ, சிவா அண்ணை."

சிவா அண்ணை ஒரு காலை உள்ளே வைத்தார். நானா அவரைப் பின்னால் இழுத்துவிட்டு, தொட்டியின் வாயில் மூடிபோலக் குந்திக்கொண்டார்.

"என்ன அலகு?"

"பிபிஎம்தான், நானா."

"பெட்டியில எழுதியிருக்கா, உங்கட மனசில எழுதியிருக்கா?"

"நானா, கப்பல் பின்னேரம் வெளிக்கிட வேணும். எழும்புங்கோ!"

"ஏலாது. கிரேன் கொண்டு வாங்க."

எரிச்சலோடு திரையின் ஓரத்து எண்ணெய்க் கறையைத் துடைத்தேன். கீழே ஒரு சின்ன வீதக் குறி: %.

ஒரு வீதம் என்றால் பத்தாயிரம் பிபிஎம். 0.02 வீதம் என்றால் இருநூறு. மூன்று முறை பெருக்கினேன். மூன்று முறையும் இருநூறு. சிவா அண்ணை தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தொட்டிக்குள் காற்றடித்து, மீண்டும் அளந்து, அவர் பத்திரமாக இறங்கி ஏற மாலையாகிவிட்டது. மேலாளர் வந்து கத்தினார்: "ஆரால இவ்வளவு தாமதம்?"

"என்னாலதான், சேர். கால் மரத்துப் போச்சு, எழும்ப ஏலாமப் போயிட்டு" என்றார் நானா.

"இல்லை, சேர். அலகைப் பார்க்காதது நான்" என்றேன்.

மேலாளர் போய்விட்டார். மழை தூறத் தொடங்கியது. நானா தன் குடையை என் பக்கம் சரித்தார். அவருடைய இடது தோள் நனைந்துகொண்டிருந்தது. நான் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் நின்றேன்.