யூஸ்டஸ் குழுமத்தின் திறமையின்மைக்கான சாட்சியங்கள்

யூஸ்டஸின் நிர்வாகத் திறமையை இந்தப் பூமியில் முதன்முதலாக முழுமையாக உணர்ந்து, அதை எழுத்தில் வடித்து, கீழே முத்திரையும் குத்திக் கொடுத்தது அரசாங்கம்தான். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் மனைவி றீட்டாவுக்கோ, சேர்ச் சபையாருக்கோ, வாவிக்கரையில் அவரோடு பழகிய எவருக்குமோ கண்ணில் படாத ஒரு பேராற்றலை ஒரே ஒரு குற்றப்பகர்வுப் பத்திரம் கண்டுபிடித்துவிட்டது. அதில் அவர் இப்படி வர்ணிக்கப்பட்டிருந்தார்: 'நாடு கடந்து இயங்கும் போதைப்பொருள் வலையமைப்பொன்றை நிறுவி, திட்டமிட்டு, வழிநடத்திய பிரதான சூத்திரதாரி.'

விசாரணைக் கைதியாக விளக்கமறியலில் இருந்தபடி யூஸ்டஸ் அதை வாசித்தார். நிரூபணமானால் ஆயுள் முழுக்க உள்ளேதான் என்று அவருக்குத் தெரியும். பயத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் 'நிறுவி, திட்டமிட்டு, வழிநடத்திய' என்ற இடத்தை அவர் ஐந்து தரம் வாசித்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆறாவது தரம், பக்கத்துப் பாயில் கிடந்தவருக்கு உரத்து வாசித்துக் காட்டினார்.

நடந்தது இதுதான். அவருடைய படகிலிருந்து நான்கு பெட்டிகள் பிடிபட்டன. உள்ளே பன்னிரண்டு கிலோ 'ஐஸ்' போதைப்பொருள். படகை வாடகைக்கு எடுத்திருந்த சுதாகரன் என்பவர் வாவிக்குள் குதித்தார், குதித்தவர் குதித்தவர்தான். அந்தப் பெயரும் அவருடையது இல்லை என்று பிறகு தெரியவந்தது. கரையில் மிஞ்சி நின்றவை இரண்டு: ஒன்று யூஸ்டஸ், மற்றது அவருடைய பெயர்ப்பலகை.

'யூஸ்டஸ் இன்டர்நேஷனல் குழுமம். சுற்றுலா, கடலுணவு, ஏற்றுமதி. தலைமையகம்: மட்டக்களப்பு. கிளைகள்: பாசிக்குடா, டுபாய்.'

இப்படியொரு பலகை கையில் கிடைத்த பிறகு எந்த விசாரணையாளர் வேறெங்கும் போய் மினக்கெடுவார்? சர்வதேசம் இருக்கிறது. குழுமம் இருக்கிறது. கிளைகள் இருக்கின்றன. ஏற்றுமதி என்று சந்தேகநபரே தன் செலவில், நல்ல பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார். பலகையைக் கழற்றினார்கள். உறைக்குள் அடங்காததால் படங்குத் துணியில் சுற்றிக் கட்டி, சான்றுப்பொருள் 'பி 1' என்று இலக்கமிட்டார்கள். விசிட்டிங் கார்ட் 'பி 2' ஆனது.

வழக்கை ஏற்றுக்கொண்டவர் சிரேஷ்ட சட்டத்தரணி வினாயகமூர்த்தி. மெலிந்த உடம்பு, சிரிப்பே வராத முகம். மறியலில் வந்து பார்த்த முதல் நாளே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"மிஸ்டர் யூஸ்டஸ், உங்களக் காப்பாத்த ஒரே ஒரு வழிதான் இரிக்கு."

"சொல்லுங்க சேர்."

"நீங்க ஒண்டுக்கும் உதவாத ஆள் எண்டு கோட்டில நிரூபிக்கணும்."

"வேற வழி ஒண்டும் இல்லையா சேர்?"

"இரிக்கு. ஆயுள் தண்டனை."

"இல்ல, எவ்வளவு தூரத்துக்கு உதவாத ஆள் எண்டு..."

"முழுக்க. ஒரு பெட்டிக்கடையக்கூட நடத்தத் தெரியாதவர் எண்டு. வலையமைப்பு நடத்துறவருக்கு மூளை வேணும். உங்கட தலையில அப்பிடி ஒண்டும் இல்ல எண்டு நான் காட்டுவன். நீங்க குறுக்க வராம இரிந்தாக் காணும்."

"குறுக்க வரமாட்டன் சேர். ஆனா அந்த டுபாய்க் கிளைய மட்டும் கொஞ்சம்..."

"டுபாய்க் கிளை ஆரு?"

"என்ட மச்சான் கொலின்."

"அங்க என்ன செய்யிறாரு?"

"வாகனத் துறை சேர்."

"வாகனத் துறையில என்ன?"

யூஸ்டஸ் நிலத்தைப் பார்த்தார். "கழுவுறான்."

வினாயகமூர்த்தி அதைக் குறித்துக்கொண்டார். அன்றைக்கு முதன்முறையாக அவருடைய முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது.

பதினொரு மாத மறியலுக்குப் பிறகு மேல் நீதிமன்றத்தில் வழக்கு விசாரணை தொடங்கியது. அரச தரப்பு தன் சாட்சிகளை முடித்ததும், எதிர்த்தரப்பின் மகத்தான பணி ஆரம்பமானது. யூஸ்டஸின் தெருவில் உள்ளவர்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பார்வையாளர் வாங்குகளை நிறைத்து உட்கார்ந்தார்கள். ஒரு மனிதரின் குறைபாடுகளை அரச செலவில், மின்விசிறிக்குக் கீழே இருந்து கேட்கக் கிடைப்பது சின்ன விஷயமா?

முதற் சாட்சி, பலகை எழுதிய பெயின்டர் ரதீஸ்.

"இதில் 'குழுமம்' என்று எழுதச் சொன்னது யார்?" என்று கேட்டார் வினாயகமூர்த்தி.

"அவருதான் ஐயா. நான் முதல்ல 'யூஸ்டஸ் படகு வாடகை' எண்டு கணக்கா எழுதத்தான் பார்த்தன். பலகையில நிறைய இடம் மிச்சம் கிடந்திச்சு. வெறுமையா விடாத எண்டு சொல்லிப்போட்டாரு."

"'இன்டர்நேஷனல்'?"

"அதுவும் மிச்ச இடம்தான் ஐயா."

"டுபாய்?"

"கீழ ஒரு மூலை."

அரச சட்டவாதி அகீலா எழுந்தார். கறுப்பு அங்கியும் கூர்மையான பார்வையுமாக ரதீஸை நோக்கினார். "அப்படியென்றால், பலகை சின்னதாக இருந்திருந்தால் இந்தச் சர்வதேச நிறுவனமே இருந்திருக்காது என்கிறீர்களா?"

ரதீஸ் நேர்மையாக யோசித்தான். "ஓம் மேடம்."

வாங்குகளில் சிரிப்பு எழுந்தது. எதிரிக் கூண்டில், குற்றம் சாட்டப்பட்டவராக நின்ற யூஸ்டஸுக்குக் காது சிவந்தது. வினாயகமூர்த்தியோ நெல் நன்றாக விளைந்த வயற்காரப் போடியாரைப் போல நிறைவாக உட்கார்ந்தார்.

இரண்டாம் சாட்சி றீட்டா.

"குழுமத்தில் எத்தனை படகுகள் அம்மா?"

"ஒண்டு."

"அது எந்த நிலையில் இருக்கிறது?"

"ஓட்டை. ஒராள் ஓட்டினா, ஒராள் தண்ணி இறைக்கணும்."

"ஓட்டை இல்ல ஐயா!" கூண்டிலிருந்து குரல் வந்தது. "கசிவு!"

எதிரி அமைதியாக இருக்க வேண்டும் என்று நீதிபதி அறிவுறுத்தினார்.

"பாசிக்குடாக் கிளையைப் பற்றிச் சொல்லுங்கள்."

"அது ஒரு குடை ஐயா. வெள்ளக்காரர் வருவாங்க எண்டு கடற்கரையில நட்டு வெச்சவரு. ரெண்டாம் நாள் காத்து கொண்டு போயிட்டு. மறுகா மூணு நாளா அந்தக் கிளையத் தேடி கரை கரையா அலைஞ்சாரு."

"கிடைத்ததா?"

"இல்ல ஐயா."

"இவர் எதையாவது திட்டமிட்டு, ஒழுங்காக நடத்தியது உங்களுக்கு நினைவிருக்கிறதா?"

றீட்டா மனதார முயன்று பார்த்தாள். "எங்கட மகள் அமண்டாட ஞானஸ்நானத்துக்கு எல்லாம் தான்தான் பொறுப்பு எண்டு நிண்டாரு. கேக் வந்திச்சு. ஆக்கள் வந்தாங்க. பாதர்ட்டச் சொல்ல மறந்திட்டாரு."

நீதிபதியே கைலேஞ்சியால் வாயைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் றீட்டாவின் குரல் உடைந்தது. "இருபத்தஞ்சு வருசமா இந்த மனுசன்ட புழுகுக்குள்ள சீவிக்கிறன் ஐயா. எனக்குத் தெரியும். பெருமைக்குப் பொய் சொல்லுவாரு. ஒருத்தருக்குக் கெடுதல் நினைக்க இவருக்குத் தெரியாது. இவர விட்டிருங்க."

உலகத்தில் தனக்காக இப்படி அழ ஒரு ஆள் இருக்கிறாள் என்பதை நினைக்க யூஸ்டஸுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததால் எதற்காகக் கண்ணைத் துடைக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

இடைவேளையில் சிறைக்காவலர் இரக்கப்பட்டு ஐந்து நிமிடம் பேச விட்டார். யூஸ்டஸ் மெதுவாகக் கேட்டார்: "கசிவு எண்டு சொல்லியிரிக்கலாம்தானே, றீட்டா?"

"கசிவு எண்டு சொன்னா நீங்க வீட்ட வர ஏலாது. பேசாம நில்லுங்க."

பக்கத்தில் வந்த வினாயகமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "இனி நீங்கதான் சாட்சிக் கூண்டுக்கு ஏறணும். 'ஓம்', 'இல்லை', ரெண்டு சொல்லுதான் உங்களுக்கு. மூணாவது சொல் வாயில வரக் கூடாது. பெட்டிக்குள்ள என்ன இரிந்த எண்டு தெரியாதவருக்குச் சட்டத்தில விடுதலை இரிக்கு. சந்தேகம் வந்தும் வேணுமெண்டு கேக்காம இரிந்தவருக்கு இல்ல. விளங்குதா?"

"விளங்குது சேர்."

யூஸ்டஸ் ஏறினார். சத்தியம் செய்தார்.

"நீங்கள் நிர்வாகத் திறமை உள்ளவரா?" என்று தொடங்கினார் வினாயகமூர்த்தி.

யூஸ்டஸ் தன் பலகையை ஒரு தரம் பார்த்தார். "இல்லை."

"எப்போதாவது ஒரு நிறுவனத்தை நடத்தியதுண்டா?"

"இல்லை."

"உங்களுக்குக் கீழே யாராவது வேலை செய்ததுண்டா?"

"இல்... இல்லை."

"அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருந்தது என்று தெரியுமா?"

"இல்லை."

ஒவ்வொரு 'இல்லை'க்கும் பலகையிலிருந்து ஒரு வரி உதிர்ந்தது. ஒரு மனிதனை இவ்வளவு பொறுமையாக, சாட்சி சாட்சியாக, பூச்சியமாக்கி வீட்டுக்கு அனுப்பிவைக்கும் நாகரிகம் நீதித்துறையைத் தவிர வேறெந்தத் துறையில் உண்டு? அகீலா ஒரு நிமிடம் தன் குறிப்புகளைப் புரட்டினார். 'பிரதான சூத்திரதாரி' என்ற இடத்தில் அவருடைய பேனை தயங்கி நின்றது. பிறகு, தனக்குக் கேள்விகள் இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். றீட்டா சிலுவைக் குறி போட்டாள். வினாயகமூர்த்தி வழக்குக் கோவையை மூடி, அதன் நாடாவைக் கட்டத் தொடங்கினார்.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். இந்தச் சுதாகரன் என்பவர் எத்தனை தரம் உங்களுடைய படகை எடுத்தார்?"

"பதினேழு தரம் ஐயா."

"ஒவ்வொரு தரமும் பெட்டிகளோடா?"

"ஓம் ஐயா."

"எப்படிப்பட்ட ஆள்?"

வினாயகமூர்த்தியின் விரல்கள் நாடாவில் அப்படியே நின்றன. இது இரண்டு சொல்லில் அடங்கும் கேள்வி இல்லை.

"நல்ல மரியாதையான ஆள் ஐயா," என்றார் யூஸ்டஸ். பதினொரு மாதமாகக் காணாமற்போயிருந்த ஒரு மிடுக்கு அவருடைய குரலில் ஏறியது. "நான் வந்தா எழும்பி நிப்பாரு. 'சேர்மன் சேர்' எண்டுதான் கதைப்பாரு. பெட்டிய முன்னுக்கு வைக்கவா பின்னுக்கு வைக்கவா எண்டுகூட என்னட்டக் கேட்டுத்தான் வைப்பாரு. எங்கட ஊரில ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேக்கிறல்ல ஐயா."

சட்டத்தரணி பலமாக இருமினார்.

"பதினேழு தரத்தில் ஒரு தரமாவது, உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லையா?"

வாங்குகளில் இருந்தவர்கள் இன்னும் சிரித்த முகத்தோடுதான் இருந்தார்கள். ரதீஸ் இருந்தான். றீட்டா இருந்தாள், கையில், அவர் வெளியே போட்டு வருவதற்கென்று தேய்த்துக் கொண்டுவந்த சேட். யூஸ்டஸ் எல்லோரையும் ஒரு தரம் பார்த்தார்.

"இல்லை," என்றார்.

வினாயகமூர்த்தி மூச்சை விட்டார். யூஸ்டஸ் இன்னும் இறங்கவில்லை.

"கேட்டிரிந்தா, அதுக்குப் பொறகு அவரு என்னச் சேர்மன் எண்டு கூப்பிட்டிரிக்க மாட்டாரே ஐயா."