தூங்குகிறவர் கையெழுத்து செல்லாது

மக்கள் நலன் கருதி, முதலில் ஓர் ஆஸ்பத்திரியில் மட்டும், ஆபரேஷனின்போது மயக்க மருந்தை இனிமேல் கம்ப்யூட்டரே செலுத்தும் என்று சுகாதார இலாகா ஆணையிட்டது. நெற்றியில் ஒட்டும் பட்டை மூளையைப் படிக்கும். நூறு என்றால் முழு விழிப்பு. நாற்பது என்றால் ஆழ்ந்த உறக்கம். அதற்கேற்ப மருந்து தானே இறங்கும். மனிதக் கை குறுக்கிடலாகாது.

அந்த ஆஸ்பத்திரியின் மயக்க மருந்து டாக்டரம்மாவுக்கு இதில் ஒரு சங்கடமும் இருக்கவில்லை, அந்த இலாகாவின் கோப்புப் பிரிவு மேலாளரே குடல்வால் வெடிக்கும் நிலையில் வந்து மேஜையில் படுக்கும்வரை. பட்டையை ஒட்டினார். திரையில் முப்பத்தெட்டு. ‘நோயாளி உறக்கத்தில் உள்ளார். மருந்து தேவையில்லை.’

"ஐயோ, வலி உயிர் போகுதும்மா!" என்றார் உறக்கத்தில் இருந்தவர்.

டாக்டரம்மா வேறு பட்டை ஒட்டினார். முப்பத்தேழு. இருபத்தாறு வருஷம் கோப்பு பார்த்த மூளை. யந்திரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கையால் ஊசி போட அனுமதி கேட்டுத் தலைமையகத்துக்குப் போன் செய்தார்.

"திரையில என்ன வருது?"

"உறக்கம்னு வருது சார்."

"அப்ப உறங்குறார். அறுக்க வேண்டியதுதானே?"

"பேசிட்டிருக்காரே சார்!"

"தூக்கத்துல பேசுறவங்க எத்தனையோ பேர்மா." போன் வைக்கப்பட்டது.

இனியும் தாமதித்தால் வெடித்துவிடும் என்று சர்ஜன் கத்தியை எடுத்தார். மேலாளர் பதறி எழப் பார்த்தார்.

"அந்த ஆணையை ரத்து பண்ணுறேன்! பேப்பர் குடுங்க, கையெழுத்துப் போடுறேன்!"

"தூங்குறவர் கையெழுத்து செல்லாதே சார்" என்றார் சர்ஜன், வருத்தத்தோடு.

"இந்த வீணாப்போன ஆணையை எழுதினது யாரு?" டாக்டரம்மா பொரிந்தார்.

"நான்தான்" என்றார் மேலாளர். "ஆட்சேபணை இருக்கான்னு கேட்டு உங்களுக்கும்தான் அனுப்பினேன். 'இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டீங்க. நீங்க மட்டும் முழிச்சிட்டா இருந்தீங்க?"

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. போனால் வேலைதானே போகும் என்று யந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினார். நாடியைப் பிடித்துக்கொண்டு, தன் கையாலேயே ஊசி போட்டார். மேலாளர் பிழைத்தார்.

அறிக்கையில் மட்டும் டாக்டரம்மா ‘யந்திரம் செவ்வனே செயல்பட்டது’ என்று எழுதினார். உண்மையை எழுதினால் விளக்கம் கேட்பார்கள்; விளக்கத்துக்கு விளக்கம் கேட்பார்கள். யாருக்கு முடியும்?

இலாகா மனம் மகிழ்ந்தது. எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் யந்திரத்தைக் கட்டாயமாக்கி, தையல் பிரித்த மறுநாளே மேலாளர் ஆணை தயாரித்தார். முறைப்படி ஆட்சேபணை கேட்டும் அனுப்பினார்.

அது வந்தபோது டாக்டரம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே கையெழுத்துக்காக ஒரு கட்டுக் காகிதம். இடது கையில் டம்ளர், வலது கையில் பேனா.

‘ஆட்சேபணை இல்லை.’