சேட்டு அணிவதென்ற முடிவும் நோர்வே வரை அதன் வெற்றியும்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.

மதிப்புக்குரிய மைத்துனர் சிவகரன் அவர்கட்கு,

உங்கள் தங்கை விமலேஸ்வரியும் நானும் சுகமாக இருக்கிறோம். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. ஒஸ்லோவில் பனியும் உங்கள் முழங்கால் வலியும் ஓரளவு அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

சென்ற மாசி மாதத்து வெள்ளிக்கிழமையொன்றில், காலைப் புட்டுக்குப் பின் கை கழுவித் துடைத்து, நீண்ட யோசனை செய்து, நான் சேட்டு அணிவது என்று முடிவெடுத்தேன். இம்முடிவின் விளைவுகள் கிளிநொச்சி மாவட்டத்தைக் கடந்து நீங்கள் வாழும் நாடு வரை வந்துவிட்டன. பிறர் வாயால் நீங்கள் அறிவதற்கு முன் முறைப்படி அறியத்தருவது கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருப்பவனுக்கு அழகு.

மகள் யதுர்ஷிகா கொழும்பில் திரைப்படமும் திரை ஊடகமும் என்ற முதுகலைப் படிப்பைப் படிப்பது உங்களுக்குத் தெரியும். தெரியும் என்பதை ஞாயிறுதோறும் தொலைபேசியில் தெரியப்படுத்தியும் வருகிறீர்கள். அந்தப் படிப்பின் கடைசி ஆறு மாதத்தை நோர்வேயில் படிக்கலாம், ஆனால் வகுப்பில் ஒருவருக்குத்தான் இடம். ஒவ்வொருவரும் ஒரு சிறு படம் எடுத்து அனுப்ப வேண்டும். அங்குள்ள பேராசிரியர்கள் பார்த்து ஒருவரைத் தெரிவு செய்வார்கள். நாங்களாகக் காசு கட்டி அனுப்பிவைக்கும் தகுதி எங்கள் வயலுக்கு இல்லை. ஆகவே படம் எடுப்பதற்கென்று பிள்ளை வீட்டுக்கு வந்தாள். கூடவே அவளோடு படிக்கும் முல்லைத்தீவுப் பிள்ளை ஷிஹானாவும் வந்தாள். ஷிஹானா தன் படத்தை முன்னரே அனுப்பிவிட்டதால், இங்கே ஒலிப்பதிவுக்கு நின்றாள். கம்பு நுனியில் கீரிப்பிள்ளை போல உரோமம் மூடிய ஒரு மைக் அவள் கையில் இருந்தது.

படத்தின் கதையை யதுர்ஷிகா எனக்கு விளக்கினாள். பிள்ளை வெளிநாடு போன பிறகு ஒரு தகப்பன் தன் வீட்டு முன்விறாந்தையில், இடுப்பில் சாரத்தோடு, மேலுக்கு ஒன்றும் இல்லாமல், தனியே இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். படலையைப் பார்க்கிறார். முடிந்தது. ஏழு நிமிடம், கமெரா அசையாது. தகப்பன் நான்.

"அதுக்குப் பிறகு என்ன நடக்குது?" என்றேன்.

"ஒண்டும் நடக்காது அப்பா. நீங்கள் ஒண்டும் செய்யாமல் இருந்தால் காணும்."

"ஒண்டும் செய்யாமல் இருக்கிறதுக்கு கம்பஸிலை ரெண்டு வருசம் படிப்பிக்கினமோ?"

ஷிஹானா கீரிப்பிள்ளையின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மகள் கேட்டால் சும்மா இருப்பதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நோர்வேப் பேராசிரியர்கள் முன்னால் வெறும் மேலோடா? அங்கே உங்களைக் கோட்டும் சூட்டுமாகக் கண்டு பழகிய கண்கள் என்னைக் கண்டு, சிவகரனின் தங்கையை இப்படியொரு ஆளுக்கா கொடுத்தார்கள் என்று கேட்டால், அந்த அவமானம் உங்களுக்கும் சேர்த்துத்தான். ஆகவேதான் மேலே சொன்ன முடிவு.

அலுமாரியிலிருந்து வெள்ளைச் சேட்டை எடுத்தால், அது கசங்கியிருந்தது. அன்று பார்த்து மின்சாரமும் இல்லை. சந்தியில் சிரட்டைக்கரிப் பெட்டி வைத்து உடுப்பு அழுத்தும் வினோதனிடம் கொண்டுபோனேன். "என்ன ஐயா, வேலை நாளிலை வெள்ளைச் சேட்டு? வீட்டிலை விசேஷமோ?" என்றான். "வீடியோ எடுக்க வந்திருக்கினம்" என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் நம்முடைய ஊரில் வீடியோக் கமெரா எதற்கு வரும் என்பது நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கிருந்து நீங்கள் வரமுடியாத கலியாணம், சாமத்தியவீடு, புதுவீடு குடிபூரல் எல்லாவற்றையும் கண்டு குறை சொல்வது அதில்தானே. வீடியோ வந்தால் விசேஷம். விசேஷத்துக்குச் சொல்லவில்லையென்றால் இந்த ஐயாத்துரைக்குத் திமிர். அப்படியிருந்தும் வந்துவிட்டால் வந்தவருக்குப் பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையை அன்று ஒருவரும் நழுவவிடவில்லை.

நான் சேட்டோடு கதிரையில் அமர்ந்து, கமெராவை யதுர்ஷிகா ஓடவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன அதே வேளையில் படலை திறந்தது. பக்கத்து வீட்டு இராசேஸ்வரி கூறைச் சேலையில், கையில் சுவர் மணிக்கூட்டுப் பார்சலுடன், புருஷனை முன்னே தள்ளிக்கொண்டு வந்தா. "நீங்கள் சொல்லாட்டிலும் நாங்கள் வந்திட்டம், பாத்தியளே அண்ணை!" என்றபடி எனக்குச் சற்று முன்னால் வலப்பக்கம் அவவும் இடப்பக்கம் அவரும் நின்று, பார்சலை என் மடியில் வைத்து, அதிலிருந்து கையை எடுக்காமல், கமெராவை நேரே பார்த்து, மூச்சை அடக்கி, மனதுக்குள் பத்துவரை எண்ணிவிட்டுச் சாப்பாடு எங்கே என்று உள்ளே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் அடுத்த சோடி. அதற்குப் பின்னால் வரிசை. எங்கே நிற்பது, எங்கே பார்ப்பது, எப்போது விலகுவது என்று ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உலகத்தில் எந்தக் கம்பஸும் இவ்வளவு பயிற்சி பெற்ற நடிகர்களை உருவாக்கியிராது. "ஐயோ, விலகுங்கோ, இது தனிமையைப் பற்றின படம்!" என்று யதுர்ஷிகா கத்தினாள். "எடு பிள்ளை, எடு, நாங்கள் அவசரப்படேல்லை" என்று வரிசை அவளைச் சமாதானப்படுத்தியது. கமக்காரர் அமைப்பின் தலைவர் ஷிஹானாவின் கம்பை எட்டி இழுத்து, கீரிப்பிள்ளையைத் தட்டிப் பார்த்து, வாழ்த்துரை தொடங்கிவிட்டார். குசினியில் விமலேஸ்வரி உலையில் அரிசியைக் கூட்டிக் கூட்டிப் போட்டா.

வாழ்த்துரை நடுவழியில் நின்றது. "அது சரி ஐயாத்துரை, என்ன விசேஷம்?" என்று தலைவர் கேட்டார். முற்றம் முழுக்க என்னைப் பார்த்தது. என் அறுபதாம் ஆண்டை அவர்களே வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள். மகளுக்கு இருபத்தாறு வயது. இப்போதுதான் பெரியபிள்ளையானாள், சாமத்தியவீடு என்றும் சொல்ல வழியில்லை. ஒன்றுமில்லை என்று சொன்னால், ஒன்றுமில்லாததற்குப் பரிசு கொடுத்த மனிதர்களின் கதி என்ன? நான் எழுந்து, சேட்டை இழுத்துவிட்டு, "பிள்ளை மேற்படிப்புக்கு நோர்வே போறா. அதுக்குத்தான் பிரியாவிடை" என்று அறிவித்தேன்.

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. குசினி வாசலில் உங்கள் தங்கை அகப்பையோடு நின்று என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கப்போவதில்லை. அது உங்கள் குடும்பப் பார்வை, உங்களுக்குத் தெரியும். யதுர்ஷிகா என் காதருகே வந்தாள்.

"அப்பா, இன்னும் ஒருத்தரும் என்னை எடுக்கேல்லை. இந்தப் படத்தைப் பாத்துத்தான் எடுப்பினம். இதிலை படமே இல்லை!"

"அப்ப இனியாவது நல்லா எடு பிள்ளை. ஊருக்குச் சொல்லிப்போட்டன்."

அப்போதுதான் விமலேஸ்வரி தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தா. "அண்ணா, எல்லாரும் நிக்கினம், பிள்ளைக்கு ரெண்டு நல்ல கதை சொல்லுங்கோ!" நீங்கள் திரையில் தோன்றினீர்கள். நீங்கள் சொன்னதை நான் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. "படம் பாக்கிறதுக்கும் ஒரு படிப்போ? கணக்கியல் படிச்சிருந்தால் இண்டைக்கு ஒரு வேலையிலை இருந்திருப்பாள்" என்று தொடங்கி, என்னுடைய வளர்ப்பு வரை வந்தீர்கள். ஒலிபெருக்கி போட்டிருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஊர் மிகுந்த மரியாதையோடு கேட்டது.

சனம் போன பிறகு பிள்ளை மணிக்கூட்டுப் பார்சல்களுக்கு நடுவே தரையில் இருந்து அழுதாள். திரும்ப எடுக்க நாள் இல்லை. மறுநாளே அனுப்பியாக வேண்டும். தன் ஏழு நிமிடத் தனிமைக்குப் பதிலாக, இருந்ததை வெட்டி ஒட்டி அனுப்பினாள். அதன் பிறகு வந்த நாட்களில் நான் சந்திப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். வினோதன் விடவில்லை. "எப்ப ஐயா பயணம்?" என்பான். "விசா" என்பேன். இந்த ஒரு சொல்லை நம்மவர்கள் கேள்வி கேட்காமல் மதிப்பார்கள். ஆனால் எவ்வளவு காலத்துக்கு மதிப்பார்கள்? பிள்ளை போகாவிட்டால் மணிக்கூடுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட சோற்றை அவர்கள் எப்படித் திருப்பித் தருவது?

மைத்துனரே, இப்போது சற்று நிமிர்ந்து இருந்து வாசியுங்கள். அந்த ஒரே இடம் யதுர்ஷிகாவுக்குத்தான் கிடைத்தது. ஷிஹானாதான் முதலில் தொலைபேசி எடுத்து, தனக்குக் கிடைக்காததை மறந்து, "அங்கிள், கிடைச்சிட்டுது!" என்று கத்தினாள். பேராசிரியர்கள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள். தனிமையில் இருக்க விரும்பும் ஒரு மனிதனுக்கு அதை அனுமதிக்காத ஒரு சமூகத்தை, அசையாத ஒரே கோணத்தில், இவ்வளவு துணிச்சலாக யாரும் காட்டியதில்லையாம். நான் மொழிபெயர்த்து விமலேஸ்வரிக்குச் சொன்னேன்: "சனம் வந்தது நல்லாயிருக்காம்." அவ கேட்டா: "சாப்பாட்டைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?"

நான் அன்று சொன்னது பொய்யல்ல, சற்று முந்திய உண்மை என்பது இதனால் நிறுவப்பட்டது. சந்தியில் இப்போது நிமிர்ந்து நடக்கிறேன். படத்தை உங்கள் நகரத்தில் மண்டபம் எடுத்துக் காட்டப்போகிறார்களாம். உங்கள் ஊர்ச் சங்கத்தார் அனைவரையும் குடும்பத்தோடு கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருங்கள். படத்தின் நாயகன் உங்கள் தங்கையின் கணவன் என்று சொல்ல வெட்கப்படத் தேவையில்லை; நல்ல சேட்டுத்தான் போட்டிருக்கிறேன். கணக்கியல் பற்றி நீங்கள் சொன்னவற்றை நான் மன்னித்துவிட்டேன். பிள்ளை பல்கலைக்கழக விடுதியில்தான் தங்குவாள். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குச் சோறு கொடுங்கள்.

உங்கள் வீட்டில் அனைவருக்கும் உடல் சூடும் மனக் குளிர்ச்சியும் குறையாதிருக்க உருத்திரபுரீசுவரர் துணை நிற்பாராக.

இப்படிக்கு,
அன்பு மைத்துனன்,
ஐயாத்துரை

பி.கு.: இக்கடிதத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிட எண்ணியிருந்தேன். மறந்து விட்டுப் போய்விட்டாள், ஆகவே தபாலில் வருகிறது. படத்தை நேற்றுத்தான் கணினியில் பார்த்தோம். வெட்டி ஒட்டி மிஞ்சியதில், வருகிறவர்கள் எல்லோரும் எனக்கு முன்னால் நின்றுவிட்டபடியால் என் முழங்காலும் கோப்பையும் மட்டுமே தெரிகின்றன. சேட்டு எங்கும் இல்லை. நீங்கள் முழுமையாக இருக்கிறீர்கள். விமலேஸ்வரி தொலைபேசியைக் கமெராவுக்கு நேரே பிடித்திருக்கிறா. கீழே நோர்வே மொழியில் எழுத்தும் போட்டிருக்கிறார்கள். படத்துக்குப் பெயர் "படம் பாக்கிறதுக்கும் ஒரு படிப்போ?" என்பது. சங்கத்தாருக்கு அழைப்பிதழ்களை ஷிஹானா அனுப்பிவிட்டாளாம்.

பிள்ளை செவ்வாய்க்கிழமை விடிய வான் வண்டியில் விமான நிலையத்துக்குப் போனாள். பிரியாவிடை ஏற்கெனவே முடிந்துவிட்டபடியால் வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. இன்று காலை விமலேஸ்வரி கோயிலுக்குப் போயிருந்தா. நான் சாரத்தோடு, சேட்டுப் போடாமல், முன்விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். படலை சாத்தியிருந்தது.