ஏழு தட்டா, ஆறு தட்டா?

பிட்மன் குடா,
நியூஃபவுண்ட்லாந்து.
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள தங்கை மெல்வினாவுக்கு உன் அண்ணன் லியாண்டர் எழுதுவது. இங்கே நான், முழங்கால் நீங்கலாக, சௌக்கியம். ஆல்பர்ட்டாவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் முழங்கால் உட்பட சௌக்கியமாக இருக்கக் கர்த்தரைக் கேட்டுக்கொள்கிறேன். மூஸ் மான் கறியைப் புட்டியில் அடைத்து அனுப்பினேனே, வந்ததா? வந்தது என்று ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. கார்லண்ட் பாடிவிட்டான்!

ஆமாம், பக்கத்து வீட்டுக் கார்லண்டேதான். உன் கல்யாணத்தன்று அவன் பாட்டை நான் பாடிவிட்டேன் என்று பதினொரு வருஷமாக என்னோடு பேசாதவன். நம் ஊரில் ஒருத்தன் வழக்கமாகப் பாடுகிற பாட்டை அவன் இருக்கிற இடத்தில் இன்னொருத்தன் பாடுவது, அவன் படகை அவிழ்த்துக்கொண்டு போவதற்குச் சமம் என்று எனக்குத் தெரியாதா? அவன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போயிருக்கிறான் என்று எவன் கண்டான்? மூன்றாவது சரணத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றானே, அந்த முகம்! அன்றைக்கு மூடிய வாய்தான். எனக்குப் பேச்சும் இல்லை, ஊருக்குப் பாட்டும் இல்லை.

உன் அண்ணி எஃபிக்கு அந்தப் பாட்டு என்றால் உயிர். போய்ச் சேருவதற்கு முந்தின மாதம்கூட, "கார்லண்டை ஒரே ஒரு தடவை பாடச் சொல்லுங்களேன்" என்றாள். அவன் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தான். நான் போய்க் கேட்கவில்லை. ரோஷம். அவள் பெட்டிக்கு அவனும் தோள் கொடுத்தான், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனான். மூன்று வருஷமாக அது என் நெஞ்சை அறுக்கிறது, உன்னிடம் சொல்வதற்கு என்ன.

நேற்று மத்தியானம் கோயில் கூடத்தில் டீச்சர் துருசில்லா ஒரு கூட்டம் போட்டாள். ஆளுக்கு மூன்று பிடித்த பாட்டைச் சொல்ல வேண்டும், அது ஏன் மனசைத் தொடுகிறது என்றும் சொல்ல வேண்டும். முதல் பெயர் என் பெயர். பின்னே? எந்தப் பாட்டிலும் ஒரு சொல் பிசகாதவன் என்று இந்தக் கரை முழுக்கப் பேர் எடுத்தவன் யார்? முதல் பாட்டு அக்கார்டியன் மெட்டு, கேசட்டில் வைத்திருந்தேன், அதைக் கேட்டால் என் முழங்காலே ஆடும், அதுதான் காரணம் என்று சொல்லிப் போட்டேன், நன்றாகத்தான் ஆரம்பித்தது, நடுவில் பார்த்தால் "வடமேற்குக் காற்று, மாலைக்குள் கடும் புயல்" என்கிறது, என்றைக்கோ அதன் மேலேயே கடல் வானிலை அறிக்கையைப் பதிவு செய்து தொலைத்திருக்கிறேன், ஆனால் நம் ஜனங்களைத் தெரியாதா, வானிலை என்றதும் கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது, இரண்டு பேர் படகைக் கட்ட ஓடியே போய்விட்டார்கள், வெளியே வெயில் பளபளவென்று அடிக்கிறது!

இரண்டாவது, கடல்நாய் வேட்டைக்குப் போனவர்கள் பனியில் ஒவ்வொருத்தராகச் சாகிற பாட்டு, முப்பத்தொரு சரணம். பத்தொன்பதாவதில் டின் பால் ஊற்றித் தேநீர் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இருபத்து நாலாவதில் துருசில்லா, "அண்ணே, மிச்சத்தை நாங்க மனசுக்குள்ள பாடிக்கிறோம்" என்றாள். என் பின்னாலிருந்து ஒருத்தன், "அதுல இன்னும் யாராவது உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டான். ரசனை கெட்ட ஜென்மங்கள்.

மூன்றாவதுக்கு ஒரு நாட்டுப்புற நடனப் பாட்டை எழுதி வைத்திருந்தேன். சட்டைப்பையில் கைவிட்டு எடுக்கும்போது கடைசி வரிசையில் கார்லண்டைப் பார்த்தேன். தொப்பி மடியில், கண் சன்னலில். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, சீட்டை மடித்துப் பைக்குள்ளேயே போட்டுவிட்டேன்.

"மூணாவது பாட்டு என்னோடது இல்லை" என்றேன். "அதுக்குச் சொந்தக்காரன் இங்கேதான் இருக்கான். அதனால நான் பாட மாட்டேன். ஏன் பிடிக்கும்னு மட்டும் சொல்றேன். கரை தெரியுற தூரத்துல கப்பல் முழுகிடுது. அது தெரிஞ்சும் வீட்டுல காத்திருக்கிற பொம்பளை, முழுகினவங்களுக்கும் சேர்த்து மேசையில ஏழு தட்டு எடுத்து வைக்கிறா பாருங்க, அந்த இடம் வந்தா எஃபி மேசைக்கு அடியில என் கையைப் பிடிச்சுக்குவா. இப்ப என் வீட்டு மேசையில ஒரே தட்டுதான். கார்லண்ட், அன்னைக்கு நான் பாடினது தப்பு. அவ கேட்டப்போ உன்கிட்ட வந்து நிக்காதது அதைவிடப் பெரிய தப்பு."

திடீரென்று பின்னாலிருந்து ஒரு அதட்டல்: "ஆறுடா!"

"என்னது?"

"ஆறு தட்டுடா, மடையா! என் பாட்டைத் திருடுறதும் இல்லாம கொலையும் பண்றியா? தள்ளு!"

தள்ளினேன். என் மானம் ஊர் நடுவே போயிற்று, போகட்டும். என் நாற்காலியிலேயே உட்கார்ந்து, கண்ணை மூடி, பதினொரு வருஷத்துத் தூசியைக் கனைத்துத் துப்பிவிட்டுப் பாடினான் மெல்வினா! அந்தக் குரல் நம் குடாவின் குரல். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரன் நான் என்று எனக்கு நெஞ்சு விம்மியது. தட்டு எடுத்து வைக்கிற இடம் வந்தபோது நான் எதையும் எண்ணுகிற நிலையில் இல்லை. கடைசி வரியை, நம் வழக்கப்படி, பாடாமல் பேச்சாகச் சொல்லி நிறுத்தினான். பிறகு என்னைப் பார்க்காமலே, "இது எஃபிக்கு" என்றான்.

இன்று காலை என் மேசையில் இரண்டு தட்டு வைத்தேன். பொரித்த மாவு ரொட்டியில் ஒன்பது தின்றான், பாவி.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு என் முத்தம், உங்கள் வீட்டுக் கூரைக்குக் காற்றில்லாத குளிர்காலம்.

இப்படிக்கு, ஒரே ஒரு சொல் மட்டும் பிசகிய உன் அண்ணன்,
லியாண்டர்

பி.கு.: மெல்வினா, நான் கார்லண்ட். தபாலில் போடச் சொல்லி உறையை ஒட்டாமல் கொடுத்தான், படித்துவிட்டேன், மன்னிச்சுக்கோ. ஏழு தட்டுதான். நான் பாடினதும் ஏழுதான், அழுதுகிட்டிருந்த அவனைத் தவிரக் கூடம் முழுக்கக் கவனிச்சுது. பதினொரு வருஷமா எழுந்து பாட ஒரு சாக்கு தேடினேன், அந்தப் படுபாவி ஒரு சொல்கூடப் பிசகலை. உன் கல்யாணத்தன்னிக்கும் என்னைவிட நல்லாத்தான் பாடினான், கோபமே அதுதான். இதையெல்லாம் அவன்கிட்ட சொல்லிடாதே. சொன்னா அப்புறம் அவனைக் கையில பிடிக்க முடியாது.