மாதுளைத் தோலும் பாறைக் கருவாடும்

அரைகுறையாகப் படித்தவனைக் கையில் பிடிக்க முடியாது. அதற்கு நானே சாட்சி. எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டில், பாம்பனில் எங்கள் தெருவுக்கு நான்தான் விஞ்ஞானி. (தெருவில் மொத்தம் பதினோரு வீடு.)

மாதுளைத் தோல் சாற்றைக் கொண்டு துத்தநாக ஆக்சைடு நானோ துகள் தயாரிப்பது என் புராஜெக்ட். தோலைக் காயவைத்துக் கொதிக்கவிட்டு, வடித்த சாற்றில் துத்தநாக நைட்ரேட்டைக் கலந்து, கிடைக்கும் படிவைக் கழுவிச் சுட்டால் வெள்ளைப் பொடி. ராமேஸ்வரம் ஜூஸ் கடைகளில் தோலைக் கேட்டு வாங்கி, சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தேன். அம்மா மீன் காயப்போடும் வலையிலேயே அதையும் பரப்பினேன். பக்கத்தில் கீறி உப்புத் தடவிய பாறை மீன் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏலே, அங்கன தள்ளிப் போடு. உப்புத் தண்ணி வடியுது, ஒன் தோலுல ஏறிரும்."

"இது சயின்ஸ்மா. ஒனக்குப் புரியாது."

அம்மா ஒரு மீனைத் திருப்பிப் போட்டாள்.

படிவை மூன்று தடவை கழுவச் சொல்லியிருந்தார் பேராசிரியர். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நான் ஒரு தடவை கழுவினேன். பொடியில் என்னென்ன இருக்கிறதென்று காட்டும் எக்ஸ்ரே சோதனைக்கு அதை அனுப்பினால், வந்த வரைபடத்தில் இருக்க வேண்டிய முகடுகளோடு இருக்கக் கூடாத ஒரு முகடும் நெட்டுக்குத்தாக நின்றது. புத்தியுள்ளவன் பயந்திருப்பான். நான் பூரித்துப்போனேன். 'இதுவரை அறியப்படாத புதிய படிக அமைப்பு' என்று அறிக்கையில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். (பேராசிரியரிடம் காட்டாமல் கடைசி நேரத்தில் சேர்த்தது.) தெரு முழுக்கச் சொல்லியும் விட்டேன்.

மீன்பிடிக்கப் போகும் அப்பா (எங்களுக்கு அய்யா) மட்டும், "மொதல்ல பாஸாகு. இல்லாட்டி படகுக்கு வந்துரு" என்றார். எனக்குப் படகில் ஏறினாலே குடல் வாய்க்கு வந்துவிடும். ஆகவே புராஜெக்டுக்கான வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, எனக்கு உயிர்ப் பிரச்சினை.

வைவா எடுக்க வந்த அம்மையார் தூத்துக்குடிக்காரர். வரைபடத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, மேஜையில் நான் பெருமையாக வைத்திருந்த காய்ந்த தோல் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார்.

"தம்பி, வீட்ல கருவாடு போடுவியளோ?"

"ஆமா மேடம்."

"பக்கத்துலயே தோலையும் காயப்போட்டியளோ?"

"ஆமா மேடம்."

"அப்ப இந்தப் புது அமைப்பு வேற ஒண்ணுமில்ல. சாப்பாட்டு உப்பு. ஒழுங்காக் கழுவியிருந்தா போயிருக்கும்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள், தண்ணீர் வைக்க வந்த பியூன் அண்ணன்கூட. கண் முன்னால் அய்யாவின் படகு ஆடியது. கடைசியில் அம்மையாரே இரக்கப்பட்டு, பத்து நாளில் திரும்பச் செய்து காட்டச் சொன்னார்.

இந்தத் தடவை தோலை வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் காயவைத்தேன். படிவை ஐந்து தடவை கழுவினேன். முகடு மறைந்தது. தன் கண்டுபிடிப்பு காணாமல் போனதால் பாஸான ஒரே விஞ்ஞானி நானாகத்தான் இருப்பேன். சந்தோஷத்தில் அம்மாவிடம் ஓடிப்போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

இப்போது நான் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் யார் என் படிப்பைப் பற்றிக் கேட்டாலும், அம்மா கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே சொல்கிறாள்:

"அவன் கண்டுபிடிச்சதுல தோலு மட்டுந்தான் அவன் கொண்டாந்தது. உப்பு நான் போட்டது."