வாசல் வரை ஒரு சுண்டுவிரல்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை உலகம் இன்னும் பாராட்டிக்கொண்டிருக்கிறது. சக்கரம் எதற்கு, கால் போதுமே என்று கண்டுபிடித்த எங்கள் பொது மேலாளர் பூபதி அவர்களை யாரும் பாராட்டவில்லை. ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் எங்கள் கம்பெனியின் பெண்கள் பாதுகாப்புக் குழுச் செயலாளன் என்ற முறையில், அந்தக் குறையை நான் நீக்குகிறேன்.

எல்லாம் ஒரு சிறிய கோரிக்கையில் தொடங்கியது. இரண்டாம் ஷிப்ட் முடிந்த பெண்களைக் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். ஹாஸ்டல் அங்கிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே. வழியில் விற்காத மனைகள், தைல மரங்கள், எரியாத ஒரு விளக்குக் கம்பம். அந்த வழியில் இரண்டு பேர் பைக்கில் பின்தொடர்கிறார்கள், முந்தின நாள் ஒருவன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான் என்று அசெம்பிளிப் பிரிவின் பொற்கொடி குழுவில் வந்து சொன்னாள். சிங்காரப்பேட்டைக்காரி. சுற்றி வளைக்காமல் பேசுவாள்.

"பஸ்ஸை ஹாஸ்டல் வாசல் வரைக்கும் விட்டீங்கன்னா போதுங்க சார்."

பூபதி சார் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி ஆழ்ந்து யோசித்தார். பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. அன்றைய கூட்டத்தில் அனைவரும் வருந்திய ஒரே இழப்பு அதுதான்.

"இன்னிக்கி வாசல் வரைக்கும்பீங்க, நாளைக்கி மாடி வரைக்கும்பீங்க. பஸ்ஸையே நம்பிட்டு இருந்தா எப்படிம்மா? அவங்கவங்க காலை அவங்கவங்க நம்பணும்."

இப்படித்தான் எங்கள் கம்பெனிக்குக் கராத்தே வந்தது. 'பாதம் முதல் பாதுகாப்பு' என்று திட்டத்துக்குப் பெயர் வைத்தவன் நான். அடக்கம் கருதி அதை விரித்துச் சொல்லவில்லை.

வந்த வேகத்தில் ஒரு சட்டச் சிக்கல். தரையில் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே சேஃப்டி ஷூ இல்லாமல் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. ஷூ போட்டுக்கொண்டு செய்வது கராத்தே ஆகாது என்றார் பயிற்சி தர வந்த மாஸ்டர் ஹரீஷ்குமார். இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. பூபதி சார்தான் தீர்த்து வைத்தார். மஞ்சள் கோட்டுக்கு வெளியே, ஸ்கூட்டர் நிறுத்தும் சிமென்ட் தளத்தில் பயிற்சி. அங்கே வெறுங்காலோடு நிற்கலாம். அங்கே அடிபட்டால் அது தொழிற்சாலை விபத்தும் ஆகாது. நுழைவாயிலில் இருக்கும் 'விபத்தில்லா நாட்கள்' பலகை தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போகலாம். இவ்வளவு தொலைநோக்கை நான் மலை உச்சியில்கூடக் கண்டதில்லை.

மாஸ்டர் நல்ல மனிதர். சிமென்ட்டில் குதித்தால் குதிகால் போய்விடும், ரப்பர் மேட் வேண்டும் என்று கேட்டார்.

"பைக்ல வர்றவன் ரோட்ல மேட் விரிச்சிட்டா வருவான்?" என்றார் பூபதி சார். நான் கைதட்டினேன்.

சனிக்கிழமை மதியங்களில், இரண்டாம் ஷிப்ட் தொடங்குமுன், வெயில் நன்றாக ஊறிய தளத்தில் வகுப்பு நடந்தது. பாதத்தைக் கழுவு, நகத்தை ஒட்ட வெட்டு, கொலுசைக் கழற்று, உதைக்கும்போது விரல்களை மேலே மடக்கி முன்பாதத்தால் உதை என்று மாஸ்டர் படித்துப் படித்துச் சொன்னார். விரலை மடக்குவதற்குள் உள்ளங்கால் கொப்புளித்தது. முதலுதவி அறையில் பஞ்சு தீர்ந்தது. அங்கிருந்த நர்ஸ் ஜோதியம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். 'பெரும் வரவேற்பு' என்று நான் குறித்துக்கொண்டேன்.

சாக்கு சுற்றிய மரப் பலகைதான் எங்கள் எதிரி. பொற்கொடி அதை யாராக நினைத்து உதைத்தாளோ தெரியாது. பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களைப் பிரிந்து, கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி செக்போஸ்ட் பக்கமாகத் திரும்பி நின்றது.

ஜோதியம்மாள் இடையில் பஞ்சு வைத்து அதைப் பக்கத்து விரலோடு சேர்த்து பிளாஸ்திரி போட்டார்.

"அடிபட்ட விரலைத் தனியா விடக் கூடாதும்மா. தொணைக்கி ஒண்ணு இருக்கணும்."

இந்த உயர்ந்த கொள்கை விரல்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதைப் பூபதி சார் பிறகு எனக்கு விளக்கினார்.

'நடக்கக் கூடாது' என்று ஜோதியம்மாள் சீட்டு எழுதினார். சீட்டு வைத்திருப்பவரைக் கம்பெனி வண்டி தங்குமிடத்தின் வாசலில் இறக்கிவிட வேண்டும் என்பது விதி. விதி என்றால் எங்களுக்கு உயிர். அன்றிலிருந்து பஸ் மெயின் ரோட்டை விட்டுத் திரும்பி, தைல மரங்களைக் கடந்து, ஹாஸ்டல் வாசலில் போய் நின்றது. ஒரு சுண்டுவிரலுக்காகத்தான் போனது. ஆனால் பஸ்ஸில் இருந்த அத்தனை பெண்களும் அங்கேயே இறங்கிக்கொண்டார்கள். பைக்கில் வந்தவர்கள் கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கராத்தே வென்றது. 'பயிற்சிக்குப் பின் ஹாஸ்டல் சாலையில் ஒரு புகாரும் இல்லை' என்று பெங்களூர் தலைமை அலுவலகத்துக்குப் பூபதி சார் படம் போட்டுக் காட்டினார். கேடயம் வந்தது. பித்தளையில் ஒரு கால், உயரத் தூக்கியபடி. ஐந்து விரல்களும் நேராக இருந்தன.

வாழ்வில் எந்தப் பொற்காலமும் நீடிப்பதில்லை. விரல் எலும்பு கூடிவிட்டது. சீட்டு காலாவதியானது. பஸ் பழையபடி மெயின் ரோட்டில் நின்றது. ஜோதியம்மாள் இன்னும் ஒரு மாதம் எழுதித் தருவதாகச் சொன்னாராம். 'கூடிய விரலுக்குச் சீட்டு இல்லை' என்று உடனே ஒரு சுற்றறிக்கை போனது. வரைந்தவன் நானே.

அடுத்த சனிக்கிழமை ஓர் அதிசயம். வழக்கமாகத் தேடிப் பிடித்து அழைத்து வர வேண்டிய பெண்கள், மாஸ்டருக்கு முன்பே வந்து வெறுங்காலோடு வரிசையில் நின்றார்கள். நகங்கள் வெட்டப்பட்டிருந்தன. கொலுசு இல்லை. இந்தக் காட்சியைப் படம் எடுக்கப் பூபதி சாரே வந்திருந்தார். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கு என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று கேட்டார்.

பொற்கொடி தன் பக்கத்தில் நின்ற சத்யப்ரியாவின் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள்.

"எந்த ஒதையில வெரலு சீக்கிரமா ஒடியும் மாஸ்டர்? அந்தப் பைக்குக்காரனுங்க நேத்து மறுபடி வந்துட்டானுங்க. போன தடவ நானு. இந்த மாசம் இவ மொறை."