துணி சுற்றிய கத்தி

எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் நறுக்கக்கூட எனக்கு அனுமதி கிடையாது. கை வெட்டிக்கொள்வேனே என்ற அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். கத்திக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான். இந்த நிலைக்கு நான் வந்த கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி கோமதி சொன்னால் நடுநடுவே நடித்தும் காட்டுவாள்.

நான் அப்போது ஒரு கூடாரக் குழுவுக்குத் தலைவன். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் நாலு பேரோடு ஆரம்பித்து, ஊர் முழுக்க நாற்பது பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழு. காடு, மலை, கூடாரம், தீ மூட்டுதல், இதுதான் எங்கள் பேச்சு. நாங்கள் நிஜமாகப் பார்த்த காடு காலாப்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சவுக்குத் தோப்பு ஒன்றுதான். அங்கேயும் கொசு தாங்காமல் ஏழு மணிக்கே கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு பரோட்டா கடைக்குப் போய்விடுவோம். ஆனால் கத்தி என்று பேச்செடுத்தால் ஒருத்தருக்கும் வாய் மூடாது. எந்த எஃகு, எவ்வளவு கனம், பிடி எந்த மரம் என்று ஆளாளுக்கு அளப்போம். (பகலில் நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. கவர் பிரிப்பதற்குக்கூட ஸ்கேல்தான் வைத்திருந்தேன்.)

அந்தக் குழுவுக்காகத்தான் 'கத்தி பிறக்கும் இடம்' என்று நேரலைப் பேட்டித் தொடர் ஒன்றை அறிவித்தேன். நாலு ஞாயிற்றுக்கிழமை, கத்தி செய்யும் நாலு பேர். போஸ்டரில் அந்த நாலு பேரின் பெயர் பொடி எழுத்திலும் என் படம் பெரிதாகவும் இருந்தது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

முதல் பேட்டி நெல்லித்தோப்பு ஜாபர் பாயுடன். பாதி ஊர் கறிக்கடைக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் கத்தி அவர் பட்டறையில் இருந்துதான் போகிறது. நிற்க நேரமில்லாத மனுஷன். தேதி கேட்டபோது, "பக்ரீத் முடியட்டும் சார், இப்போ மூச்சு விடக்கூட நேரமில்ல" என்றார். நானோ போஸ்டர் போட்டுவிட்டேன். மூன்று தடவை போய் நின்று, குழுவின் மானம் போய்விடும் என்று கெஞ்சினேன். கடைசியில் அரை மணி நேரத்துக்கு ஒத்துக்கொண்டார். பக்ரீத்துக்கு நாலே நாள் இருந்தது. ஊரில் இருக்கும் அத்தனை கத்தியும் சாணைக்கு வந்து குவிகிற வாரத்தில், அவருடைய அரை மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்ட பெருமை என்னையே சேரும்.

ஞாயிறு காலை நான் கிளம்பிய கோலத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. இடுப்பில் ஆறு பாக்கெட் வைத்த பேண்ட். தலையில் வெள்ளைக்காரத் தெருப் பக்கம் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் பச்சைத் தொப்பி. பையில் காலாப்பட்டுத் தோப்பில் பொறுக்கிய சவுக்குக் கட்டை இரண்டு. காட்சிக்கு ஒரு காட்டு வாசனை இருக்கட்டுமே என்று. போனைப் பிடிக்கக் கோமதியை அழைத்துப் போனேன். "ஏங்க, அவருக்கு வேலை இருக்கும்போது எதுக்கு இந்தத் தொல்லை?" என்றாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்று சொன்னேன்.

பேட்டி ஆரம்பித்தது. என் கையில் இருபத்திரண்டு கேள்விகள் எழுதிய தாள். ஒரு கேள்வி கேட்பேன். அவர் பதில் சொல்லும்போது அடுத்த கேள்வியை மனப்பாடம் செய்வேன். நடுவில் "அருமை பாய்", "சூப்பர் பாய்" என்று ஒரு சத்தம் கொடுப்பேன். ஐந்தாவது கேள்வி, "உங்கள் படைப்புகளிலேயே உங்கள் மனசுக்கு நெருக்கமானது எது?" ஜாபர் பாயின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. அலமாரித் தட்டைக் காட்டிச் சொன்னார்:

"அதோ, துணி சுத்தி வச்சிருக்கேன் பாருங்க. பொண்ணைக் கடலூர்ல குடுத்திருக்கேன் சார். கல்யாணம் ஆகி இதுதான் முதல் பக்ரீத். சீரா ஆடு அனுப்பறோம். ஆட்டோட சேர்த்து என் கையால அடிச்ச கத்தியும் வரும்னு சம்பந்திகிட்ட சொல்லிட்டேன். குர்பானிக் கத்தி, நகத்துல இழுத்தா எங்கயும் தட்டக் கூடாது. தட்டுச்சுன்னா ஆட்டுக்கு வலிக்கும். பத்து நாளா பார்த்துப் பார்த்துப் பண்ணினேன். நாளைக்குக் காலையில குட்டியானை வண்டியில ஆடு ஏறும்போது இதுவும் போவுது."

"சூப்பர் பாய். அடுத்த கேள்வி," என்றேன். இவ்வளவு அழகாக அவர் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து வீடியோவில்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

பாதியில் வாசலில் ஒரு கறிக்கடைக்காரர் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். ஜாபர் பாய் "ஒரு நிமிஷம் சார்" என்று எழுந்து போனார். நேரலையில் ஆள் இல்லை. என்ன செய்வது? போன் திரையின் கீழே குழுக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். "கட்டை பிளந்து காட்டுங்க தலைவா!" எங்கள் கூட்டத்தில் அப்படி ஒரு வைபவம் உண்டு. விறகின் மேல் கத்தியின் வாயை வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் ஓங்கி அடித்துப் பிளப்பது. அதைத் தாங்குவதுதான் கத்தி, தாங்காதது தகரம். எத்தனையோ வீடியோ பார்த்தவன் நான். அதற்கென்றே முதுகு தடித்த கத்தி தனியாக உண்டு என்பதும் எனக்குத் தெரியும். தலைவா என்று கூப்பிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துவிடும் போலிருக்கிறது.

தட்டில் இருந்ததிலேயே எது மரியாதையாக வைக்கப்பட்டிருந்ததோ, அதை எடுத்தேன். துணியைப் பிரித்தேன். நீளமாக, மெல்லிசாக, முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று இருந்தது. "ஏங்க, வேணாங்க" என்று கோமதி சொன்னது வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. சவுக்குக் கட்டையில் ஒரு கணு இருந்தது. அதன் மேலேயே வைத்து ஓங்கி ஒரு போடு போட்டேன்.

டக்.

கட்டை பிளக்கவில்லை. கத்தியின் வாயில் மொச்சைக்கொட்டை அளவுக்குச் சில்லு பெயர்ந்து, என் தொப்பியை உரசிக்கொண்டு எங்கோ போய் விழுந்தது. நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? கத்தியை மறுபடி துணியில் சுற்றப் பார்த்தேன். முப்பத்து நாலு வயது ஆள், எச்சில் தொட்டு ஸ்லேட்டை அழிக்கிற பிள்ளை மாதிரி. அதுவும் நேரலையில். இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

ஜாபர் பாய் உள்ளே வந்தார். கட்டையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். கத்தியை மெல்ல வாங்கி, கட்டைவிரல் நகத்தை அதன் வாய் ஓரமாக இழுத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நகம் நின்றது. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

தேய்த்துச் சரிசெய்ய முடியாதா என்று கேட்டேன். அவ்வளவு தேய்த்தால் அது குர்பானிக் கத்தியாக இருக்காது என்றார். புதிதாகத்தான் அடிக்க வேண்டும், எப்படியும் இரண்டு நாள் பிடிக்கும், வந்து குவிந்திருக்கும் கத்திகளை அதுவரை ஓரம் கட்ட வேண்டும். இதையெல்லாம் தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். கோமதி பதற்றத்தில் எங்கள் போனைப் பட்டறை மேஜையில் வைத்திருந்தாள். நிறுத்தவில்லை. நாற்பது பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சம்பந்தி, சலாம். ஆடு நாளைக்கு வந்துரும். கத்திதான் ரெண்டு நாள் தாமதம் ஆவும், மன்னிச்சுக்குங்க. என் கையில ஒரு தப்பு நடந்துபோச்சு."

என் கையில என்றார். முப்பது வருஷத்தில் அந்தக் கையில் தப்பு என்று ஒரு கறிக்கடைக்காரர் சொன்னதில்லை. பெண் கொடுத்த வீட்டில், முதல் பக்ரீத்துக்கு, யாரோ தொப்பிக்காரனுக்காக அந்தப் பழியை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டார். நான் குறுக்கே பேசியிருக்கலாம். போனை வாங்கி, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்காமல் நின்றேன்.

அவர் போனை வைத்ததும்தான் எனக்கு வாய் வந்தது. நான் உலையில் காற்று அடிக்கிறேன் பாய், கரி எடுத்துப் போடுகிறேன், இரண்டு நாளும் லீவு போட்டுவிட்டு இங்கேயே இருக்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். போதாததற்குச் சுத்தியலை வேறு கையில் எடுத்தேன். அவர் அதை என் விரல்களில் இருந்து பிரித்து வாங்கினார்.

"நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க சார். அது போதும்."

புதன்கிழமை புதுக் கத்தி கடலூர் போய்ச் சேர்ந்தது. அதற்குள் செய்தி போஸ்டரில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவர் ஊரில் இல்லை, ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் என் நம்பரையே எடுக்கவில்லை. தொடர் முதல் பேட்டியோடு முடிந்தது. குழுவின் தலைவர் பதவியை நான் தியாகம் செய்தேன். (ஓட்டெடுப்பு நடந்தது. அதை விடுங்கள்.)

பக்ரீத் முடிந்ததும் கோமதி மட்டும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். எனக்கு அவர் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை. ஜாபர் பாய் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தக் கத்தியைச் சில்லுக்கு மேலே வெட்டித் தேய்த்து ஒரு சின்னக் காய்கறிக் கத்தியாக்கிக் கொடுத்தனுப்பினார். இன்றுவரை எங்கள் வீட்டுச் சமையல் அதில்தான் நடக்கிறது.

நான் அதன் பக்கம் கையை நீட்டினால் போதும். எட்டு வயது யாழினி, பெற்ற தகப்பனைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க சார், அது போதும்" என்பாள். மச்சான் வந்தால் அவனும் சொல்வான். கல்யாண வீட்டில் நான் பந்தி பரிமாற வாளியைத் தூக்கினால் சித்தப்பா சொல்வார். எல்லோரும் கண்ணை உருட்டி, கோபமாகச் சொல்லி நடிப்பார்கள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஆனால் ஜாபர் பாய் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். அதை நான் இன்றுவரை யாருக்கும் திருத்திச் சொன்னதில்லை. பக்கத்தில் நின்று பார்த்த கோமதியும் சொன்னதில்லை.